ரிப்போர்ட்டில் சூடோமோனாஸ், பையன் ஓடியாடி விளையாடுகிறான்: சி.எஃப். குழந்தைகளின் சளி கல்ச்சர் பற்றி

ஈரோட்டு அப்பா, 9 மார்ச் 2024

பையனுக்கு மூன்றரை வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சி.எஃப்., நுரையீரலில் சளி கெட்டியாகிவிடும் பிறவி நோய்) என்று போன வருடம்தான் தெரிந்தது. வியர்வையில் உப்பு எவ்வளவு என்று பார்க்கும் டெஸ்டில் குளோரைடு 92, அதிகம். வழக்கமான செக்கப்புக்குப் போனபோது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்காகத் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் ஸ்வாப் எடுத்தார்கள். இன்று ரிப்போர்ட் வந்தது: ‘சூடோமோனாஸ் எருஜினோசா, ஸ்கான்டி குரோத்’, அதாவது அந்தக் கிருமி கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, இருமல்கூட இல்லை, எடை ஏறியிருக்கிறது. டாக்டர் ஒரு மாதம் நெபுலைசரில் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் வைக்கச் சொல்கிறார். என் மாமனார், "ஓடி விளையாடுற புள்ளைக்கு எதுக்கு மருந்து, தொண்டையில கிருமி யாருக்குத்தான் இல்லை" என்கிறார். எனக்கும் பாதி மனம் அப்படித்தான் சொல்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி அம்மா, 9 மார்ச் 2024, இரவு

தம்பி, மருந்தை ஆரம்பித்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மாமனார் சொல்வது மற்றக் குழந்தைகளுக்குச் சரி. நம் பிள்ளைகளுக்கு நுரையீரலில் சளி கெட்டியாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. உள்ளே போன கிருமியை வெளியே தள்ளுகிற வேலை அங்கே சரியாக நடப்பதில்லை. சூடோமோனாஸ் முதலில் வரும்போது கொஞ்சமாகத்தான் இருக்கும், அப்போது மருந்துக்குக் கட்டுப்படும். நாள் ஆக ஆக தன்னைச் சுற்றி வழவழப்பாக ஒரு படலம் போர்த்திக்கொள்ளும். பிற்கால ரிப்போர்ட்டுகளில் ‘மியூகாய்டு’ என்று போடுவது அதைத்தான். அந்த நிலைக்குப் போய்விட்டால் அடக்கி வைக்கலாம், ஒழிப்பது மிகவும் கடினம்.

அதனால்தான் பிள்ளை நன்றாக இருக்கும்போதே கல்ச்சர் எடுக்கிறார்கள். இருமல் வந்த பிறகு எடுப்பதற்கு மட்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம்மை அலைய விடமாட்டார்கள். ‘ஸ்கான்டி’ என்ற சொல்லைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். கொஞ்சமாக இருக்கும்போது கண்டுபிடித்ததுதான் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் டாக்டர்கள் இதை 1991இலேயே காட்டிவிட்டார்கள். சூடோமோனாஸ் முதன்முதலாகத் தலைகாட்டியதும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் நெபுலைசரில் கொலிஸ்டினும் கொடுத்த குழந்தைகளில், அது நிரந்தரமாகக் குடியேறுவது குறைந்தது. அதன் பிறகு உலகம் முழுக்க வழக்கம் மாறியது.

திருச்சி அம்மா, 10 மார்ச் 2024

ஏன் 28 நாள், அதற்கு மேல் வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2010இல் வந்த ஓர் ஆய்வில் டோப்ராமைசினை 28 நாள் கொடுத்தவர்களையும் 56 நாள் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பலனில் பெரிய வித்தியாசமில்லை. வழக்கமான அளவு 300 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஊசி போட்டால் இன்னும் நல்லதோ என்றும் தோன்றும், எனக்கும் தோன்றியது. பிரிட்டனிலும் இத்தாலியிலும் அதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்றியது, வீட்டிலிருந்தே மூன்று மாதம் சிப்ரோ மாத்திரை கொடுத்ததைவிட மேலாக இல்லை. இரண்டு பிரிவினருக்கும் நெபுலைசரில் கொலிஸ்டின் சேர்த்தே கொடுத்தார்கள்.

எந்த மருந்து என்பது உங்கள் டாக்டர் முடிவு. ஒரு வேளையும் தவறாமல் 28 நாளையும் முடிப்பது நம் வேலை.

திருச்சி அம்மா, 10 மார்ச் 2024, மாலை

"ஸ்வாப் தவறாகக் காட்டியிருந்தால்? தொண்டையில் இருப்பது நுரையீரலில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?"

நல்ல கேள்வி. உண்மையைச் சொன்னால், தொண்டையில் கிடைத்தது நுரையீரலில் இல்லாமலும் இருக்கலாம். சின்னக் குழந்தைகளில் தொண்டை ஸ்வாபையும், குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்வாபில் சூடோமோனாஸ் இல்லை என்றால் பெரும்பாலும் கீழேயும் இல்லை. இருக்கிறது என்றால் கீழேயும் இருக்கும் என்று அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் வைத்தியம் செய்கிறார்கள். இல்லாத கிருமிக்கு ஒரு மாதம் மருந்து கொடுத்ததால் வரும் நஷ்டம் சின்னது. இருக்கிற கிருமியை விட்டுவைத்தால் வருவது பிள்ளையின் ஆயுளைத் தொடும்.

நான் அந்தக் கணக்கில்தான் என் மகளுக்கு முதல்முறை சம்மதித்தேன். இன்றும் அதே கணக்குதான்.

திருச்சி அம்மா, 13 மார்ச் 2024

ஸ்வாப் எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ரிப்போர்ட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், அந்தப் பஞ்சுக்குச்சி எங்கே தொட்டது என்று யாரும் கேட்பதில்லை.

ஆறேழு வயது வரை பெரும்பாலான குழந்தைகளுக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால்தான் ஸ்வாப். குச்சி நாக்கிலும் கன்னத்திலும் படாமல் தொண்டையின் பின்பக்கம் போக வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளை இருமினால் இன்னும் நல்லது. வாயைத் திறந்த மாத்திரத்தில் நாக்கைத் தடவிவிட்டு ‘முடிஞ்சுது பாப்பா’ என்று அனுப்பிவிட்டால், ரிப்போர்ட்டில் வாயில் உள்ளதுதான் வரும். ஒரு ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நடந்தது. நான் அங்கேயே நின்று, இன்னொரு முறை எடுங்கள் என்றேன். ஸ்வாப் எடுத்த பெண்ணுக்குக் கோபம் வந்தது, எனக்கும் சங்கடம்தான், ஆனால் எடுத்தார்.

காலையில் போகிறீர்கள் என்றால் சாப்பாட்டுக்கு முன் எடுக்கச் சொல்லுங்கள். வயிறு நிறைந்திருந்தால் குமட்டும்போது எல்லாம் வெளியே வந்துவிடும், அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது. முதுகு தட்டி, மூச்சுப் பயிற்சி செய்து முடித்த கையோடு எடுப்பது மிகவும் நல்லது, கீழே உள்ள சளி அப்போதுதான் மேலே வரும். எங்கள் பிசியோதெரபிஸ்டிடம் சொல்லி இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டோம்.

அப்புறம், எடுத்த ஸ்வாப் மேசையில் கிடக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மதியம் எடுத்து மறுநாள் காலை ஆள் வந்து எடுத்துப்போகும் கலெக்ஷன் சென்டர் என்றால், அங்கே ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஏதாவது ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுப்பதையும் சேர்த்துத்தான். பழகிப்போனதால் அது மருந்து என்பதே நமக்கு மறந்துவிடும்.

திருச்சி அம்மா, 14 மார்ச் 2024

முந்தைய குறிப்பில் சேர்க்க வேண்டியது, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: கல்ச்சர் சீட்டில் ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘இருமல்’, ‘நாள்பட்ட சளி’ என்று இருந்தால் டாக்டரிடம் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. சாதாரண சளியைப் பார்க்கும் லேப் அதிகமாக வளர்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை ‘நார்மல் தொண்டை ஃப்ளோரா’ (தொண்டையில் வழக்கமாக இருக்கும் கிருமிகள்) என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஓரிரு நாளில் கிருமி வளர்த்த தட்டையும் தூக்கிப் போட்டுவிடும். சாதாரண நோயாளிக்கு அது போதும். சி.எஃப். சளிக்கு வேலை வேறு. சூடோமோனாஸ் தட்டு முழுக்கப் படர்ந்து மற்றக் கிருமிகளை மறைத்துவிடும், அதனால் ஸ்டாஃபுக்கு (ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி) ஒரு தட்டு, ஹீமோஃபிலஸுக்கு ஒரு தட்டு, புர்க்கோல்டேரியாவுக்கு ஒரு தட்டு என்று தனித்தனியாகப் போட வேண்டும். புர்க்கோல்டேரியா மெதுவாக வளரும், அந்தத் தட்டை ஐந்து நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். நீண்டநாள் செப்ட்ரான் வகை மருந்து சாப்பிட்ட பிள்ளைகளிடம் ஸ்டாஃப் கிருமி மிகச் சின்னக் காலனிகளாக (தட்டில் தெரியும் கிருமிப் புள்ளிகள்) வளரும் ஒரு வகை உண்டு, அவசரப்பட்டால் அது கண்ணில் படாது.

இன்னொன்று: மைக்ரோஸ்கோப்பில் எச்சில் செல்கள் அதிகம் என்றால், மற்றவர்களின் சளியை ‘தரமில்லை’ என்று லேப் திருப்பி அனுப்பும். சி.எஃப். என்று தெரிந்தால் அந்தக் காரணத்தைக் காட்டித் திருப்பக் கூடாது.

எங்கள் ஊரில் ஒரு லேப் தொடர்ந்து ‘நார்மல் ஃப்ளோரா’ கொடுத்துக்கொண்டே இருந்தது. நாங்களும் சந்தோஷமாக இருந்தோம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டில் சி.எஃப். என்று எழுதி அனுப்பியபோது ஸ்டாஃப் வந்தது. அதுவரை எவ்வளவு காலமாக உள்ளே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

திருச்சி அம்மா, 14 மார்ச் 2024, இரவு

சி.எஃப். பார்க்கும் ஆஸ்பத்திரி நம் நாட்டில் உண்டா என்று நாமக்கல் அக்கா கேட்டதற்கு: ஆமாம், வேலூர் சி.எம்.சி.யில் சி.எஃப். குழந்தைகளைப் பார்க்கிறார்கள், டெல்லி எய்ம்ஸிலும். வியர்வை டெஸ்டும் இந்த இரண்டு இடத்திலும் செய்கிறார்கள்.

திருச்சி அம்மா, 22 மார்ச் 2024

இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது, நம் வீட்டில் என்ன குறை என்று ஈரோட்டுத் தம்பியின் மனைவி அழுதுகொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களிடம் இதைக் காட்டுங்கள். சூடோமோனாஸ் ஈரம் தேங்கும் இடமெல்லாம் இருக்கும்: வாஷ்பேசின் ஓட்டை, ஈரத்துணி, குழாயடி. உலகத்தைக் காயவைக்க யாராலும் முடியாது. உங்கள் பெண்டாட்டி ஒரு தவறும் செய்யவில்லை.

நம் கையில் இருப்பது நெபுலைசர். அதில் மட்டும் கறாராக இருங்கள். ஒவ்வொரு முறையும் கப்பையும் மாஸ்க்கையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு நாளுக்கு ஒருமுறையாவது கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட வேண்டும். அந்தக் கப் கொதிநீரைத் தாங்குமா என்று பெட்டியில் வரும் தாளில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு முழுசாகக் காய வேண்டும், ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடாதீர்கள்.

கேன் தண்ணீர் சுத்தம்தானே என்று அதில் கடைசியாக ஒருமுறை அலசுகிறவர்கள் இருக்கிறார்கள். கேன் தண்ணீர் குடிக்க நல்லது, கிருமியே இல்லாத நீர் என்று சொல்ல முடியாது. மருந்தில் கலப்பதற்கும் அதை எடுக்காதீர்கள், ஊசிமருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டெரைல் வாட்டர் அல்லது சலைன் மட்டும். வினிகரில் ஊறவைத்தால் போதும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. போதாது, விட்டுவிடுங்கள்.

திருச்சி அம்மா, 2 ஏப்ரல் 2024

சேலத்து அண்ணன் எழுதியது: "பேசாமல் எப்போதும் ஒரு ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எதுவுமே வளராதே, ஏன் இந்தப் பாடு?"

அண்ணா, அதைச் செய்துபார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஸ்டாஃபைத் தடுக்க ஃப்ளூக்ளாக்சசிலினை மூன்று வயது வரை கொடுப்பார்கள். அமெரிக்காவில் கொடுப்பதில்லை. 2002இல் அங்கே வந்த ஆய்வில் செஃபலெக்சினைத் தொடர்ந்து கொடுத்த குழந்தைகளுக்கு ஸ்டாஃப் குறைந்தது, ஆனால் சூடோமோனாஸ் அதிகமாக வந்தது. ஒன்றை விரட்டிய இடத்தில் அதைவிட மோசமானது வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாட்டு டாக்டர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நாமாக மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பதை மட்டும் இரு நாட்டிலும் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

திருச்சி அம்மா, 19 ஏப்ரல் 2024

கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் எதிரே வரும் எஸ், ஐ, ஆர் பட்டியல் பற்றிப் பலர் தனியாகக் கேட்கிறார்கள். சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ இரண்டுக்கும் இடையில். எல்லாம் ஆர் என்று வந்த ரிப்போர்ட்டை கையில் வைத்துக்கொண்டு ஒரு தந்தை போனில் அழுதார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அந்த எல்லைக்கோடுகள் இரத்தத்தில் மருந்து எவ்வளவு சேரும் என்பதை வைத்துப் போட்டவை. நெபுலைசரில் கொடுக்கும் மருந்து சளியில் அதைவிடப் பல மடங்கு சேரும். ஆகவே ‘டோப்ராமைசின் ஆர்’ என்று இருந்தும் டாக்டர் அதையே நெபுலைசரில் கொடுத்தால் பதறாதீர்கள், ரிப்போர்ட்டைப் படிக்காமல் கொடுக்கிறார் என்று நினைக்காதீர்கள். நாள்பட்ட சூடோமோனாஸில் ஒரே பிள்ளையின் சளியில் பல வகைகள் கலந்து இருக்கும். லேப் எடுத்துப் பார்த்த காலனி எஸ், பக்கத்தில் இருந்தது ஆர் என்றும் இருக்கலாம். பட்டியலில் எஸ் என்று வந்த மருந்துதான் பலன் தரும் என்பதும் இல்லை, ஆர் கேட்காது என்பதும் இல்லை. பிள்ளைக்கு முன்பு எது கேட்டது என்பதற்கு டாக்டர்கள் அதிக மதிப்புக் கொடுப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் அந்தப் பட்டியல் எதற்கு? எனக்கு அது இன்னொரு விதத்தில் உதவுகிறது, கிருமியின் பெயர் சரியா என்று பார்க்க. அதை நாளை எழுதுகிறேன், மகள் தூங்காமல் கூப்பிடுகிறாள்.

திருச்சி அம்மா, 20 ஏப்ரல் 2024

சின்ன லேப்களில் ‘சூடோமோனாஸ் ஸ்பீஷிஸ்’ என்று பாதிப் பெயரோடு ரிப்போர்ட் வரும். அதோடு நிறுத்தாதீர்கள், முழுப்பெயர் கேளுங்கள்.

சூடோமோனாஸ் எருஜினோசாவுக்குக் கொலிஸ்டின் பொதுவாகக் கேட்கும். புர்க்கோல்டேரியா செபேசியா கூட்டத்துக்குப் பிறவியிலேயே கொலிஸ்டின் கேட்காது. ‘சூடோமோனாஸ்’ என்று எழுதி கொலிஸ்டினுக்கு ஆர் என்று இருந்தால், இது உண்மையில் புர்க்கோல்டேரியாவா என்று கேட்க வேண்டும். மெரோபெனத்துக்கு ஆர், செப்ட்ரானுக்கு எஸ் என்றால் ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் என்ற வேறு கிருமியாக இருக்கலாம். மால்டி-டாஃப் என்ற கருவி உள்ள பெரிய லேபுக்கு அந்தக் காலனியை அனுப்பினால் பெயரைப் பெரும்பாலும் தெளிவாக்கிவிடுவார்கள். டாக்டரிடம் இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். "இதை உறுதிப்படுத்த முடியுமா சார்" என்றால் போதும்.

பெயருக்கு ஏன் இவ்வளவு? செபேசியா வந்த சில பிள்ளைகளுக்கு நுரையீரல் வேகமாகக் கெட்டுவிடும், நுரையீரல் மாற்று சிகிச்சைக்குக்கூடப் பல இடங்களில் தயங்குவார்கள். மருந்தும் வேறு, மற்றப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துவைப்பதும் இன்னும் கடுமை.

இந்தக் கிருமி முதலில் வெங்காயத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில் வெங்காயம் அழுகிப்போனதன் காரணத்தைத் தேடிய வால்டர் புர்க்கோல்டர் 1950இல் இதை விவரித்தார், பெயரும் அவருடையது. இதைப் படித்துவிட்டு சாம்பாரில் வெங்காயத்தை நிறுத்தாதீர்கள். சமைத்த வெங்காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அழுகிய வெங்காயத்தைப் பொறுக்குகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுக்காமல் இருந்தால் சரி.

திருச்சி அம்மா, 20 ஏப்ரல் 2024, சற்று நேரம் கழித்து

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் உள்ளவர்கள் இதையும் படியுங்கள். புர்க்கோல்டேரியா சூடோமாலியை என்று இதன் உறவுக் கிருமி ஒன்று உண்டு, மெலியோய்டோசிஸ் நோயைத் தருவது. மண்ணிலும் நெல்வயல் சேற்றிலும் வாழ்கிறது, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறது, மழைக்காலத்தில் அதிகம் பிடிக்கிறது. சி.எஃப். உள்ளவர்களுக்கு இது ஆபத்து. லேபில் இதையும் ‘சூடோமோனாஸ் ஸ்பீஷிஸ்’ என்று போட்டுவிடுவது உண்டு. ஜென்டாமைசினும் கொலிஸ்டினும் ஆர், ஆனால் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் எஸ் என்று பட்டியல் வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அசல் சூடோமோனாஸ் எருஜினோசாவுக்கு அமாக்சி-கிளாவ் கேட்கவே கேட்காது.

நாற்று நடும் காலத்தில் தாத்தா பாட்டியோடு வயலுக்குப் போவது பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். நாங்கள் அறுவடைக்கு, களம் காய்ந்த பிறகு அழைத்துப்போகிறோம்.

திருச்சி அம்மா, 11 மே 2024

குரூப்பில் எல்லாக் குடும்பமும் திருச்சியில் ஒருநாள் கூடலாம் என்று பேச்சு நடக்கிறது. நான் எதிர்த்தேன், பலருக்கு வருத்தம். காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

பெரியவர்கள் வாருங்கள், சமைத்துப் போடுகிறேன். சி.எஃப். பிள்ளைகளை மட்டும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது. வெளிநாடுகளில் சி.எஃப். குழந்தைகளுக்குக் கோடை முகாம்கள் நடத்தினார்கள், செபேசியா ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது தெரிந்ததும் மூடினார்கள். 1996இல் இங்கிலாந்தில் லிவர்பூல் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பல குழந்தைகளிடம் ஒரே வகை சூடோமோனாஸ் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் சுற்றுப்புறத்திலிருந்து தனித்தனியாக வருகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். இப்போது விதி, கிளினிக்கில்கூட ஒரு சி.எஃப். பிள்ளைக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி, முகத்தில் மாஸ்க். கல்ச்சர் சுத்தமாக இருக்கிறதே, பரவாயில்லையே என்பார்கள். மேலே எழுதியது நினைவிருக்கட்டும், சுத்தமான ரிப்போர்ட்டுக்கும் அளவு உண்டு.

என் மகளுக்குப் பதினொரு வயது. தன்னைப் போலவே செரிமானத்துக்கு என்சைம் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடும் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் அவள் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ‘நானும் அவளும் ஏம்மா சேர்ந்து விளையாடக் கூடாது’ என்று கேட்டாள். வீடியோ காலில் பேசவைத்தேன். எப்படி முதுகு தட்டிக்கொள்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். அதுபோல உங்கள் பிள்ளைகளும் பேச வேண்டும் என்றால் எழுதுங்கள், நான் நேரம் பார்த்து ஏற்பாடு செய்கிறேன்.

திருச்சி அம்மா, 3 ஜூன் 2024

தம்பியின் செய்தி பார்த்தேன், மனம் குளிர்ந்தது. மருந்து முடிந்து எடுத்த கல்ச்சரில் சூடோமோனாஸ் இல்லை.

"போய்விட்டதா அக்கா?" என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். 2003இல் லீட்ஸ் டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்தார்கள், இன்றும் அதைத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். முன்பு வந்திருந்து, கடந்த 12 மாதமாக ஒருமுறையும் வரவில்லை என்றால் ‘நீங்கியது’. கல்ச்சர் எடுத்த மாதங்களில் பாதிக்கு மேல் வந்தால் ‘நாள்பட்டது’. வந்தும் பாதியைத் தாண்டாவிட்டால் ‘இடையிடையே’. இந்தக் கணக்குப் போடுவதற்கே அந்த ஆண்டில் கல்ச்சர் ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும். எடுக்காத மாதங்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆகவே அடுத்த மூன்று மாதத்துக் கல்ச்சரைத் தள்ளிப்போடாதீர்கள், ஊர்த் திருவிழா வந்தாலும் சரி. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஸ்வாபா சளியா, அன்று என்ன மருந்து ஓடியது, எந்த லேப், என்ன வந்தது. ரிப்போர்ட் காகிதம் வெளுத்துவிடும், போட்டோ எடுத்தும் வையுங்கள். புது டாக்டரிடம் அந்த நோட்டை நீட்டியபோது அவர் பக்கம் பக்கமாகப் படித்தார், பிறகுதான் மகளைப் பார்த்தார். ஒற்றை ரிப்போர்ட்டை நீட்டினால் ஒற்றை ரிப்போர்ட்டுக்குத்தான் மருந்து கிடைக்கும்.

திருச்சி அம்மா, 17 ஜூலை 2024

விருதுநகர் தங்கச்சியின் கேள்வி மனதைக் குடைகிறது. பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை, எடை ஏறவில்லை, சளியில் டி.பி. போன்ற கிருமி தெரிந்தது என்று டி.பி. மருந்து தொடங்கச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் இது எத்தனை வீட்டுக் கதை! என் மகளுக்கும் சி.எஃப். என்று தெரியும் முன் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று சொல்லி ஆறு மாத டி.பி. மருந்து கொடுத்தார்கள். யாரும் வியர்வை டெஸ்ட் பற்றிப் பேசவில்லை. முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது என்று என் அம்மா அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார், சி.எஃப். பிள்ளைகளின் வியர்வையில் உப்பு அதிகம்.

தங்கச்சி, டி.பி. இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் சி.எஃப். பிள்ளைக்கும் டி.பி. வரலாம். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது டி.பி.யா, அதன் குடும்பத்தில் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாவா என்று கண்ணால் பிரிக்க முடியாது. டி.பி. கிருமியின் மரபணுவைச் சளியில் தேடும் சிபிநாட் டெஸ்ட் கேளுங்கள். மைக்ரோஸ்கோப்பில் பாசிட்டிவ், சிபிநாட்டில் டி.பி. இல்லை என்றால் அந்த வேறு வகையை, என்.டி.எம். என்பார்கள், அதைத் தேட வேண்டும். அப்செசஸ், ஏவியம் என்று பெயர்கள் வரும். அவற்றுக்கு டி.பி. மருந்துத் திட்டம் பொருந்தாது.

அதற்கான கல்ச்சர் வேறு, ஆறு வாரம் வரை ஆகும். தொண்டை ஸ்வாப் இதற்குச் சரிவராது, சளியே வேண்டும். சி.எஃப். சளியில் சூடோமோனாஸ் முந்திக்கொண்டு வளர்ந்து அந்த பாட்டிலைக் கெடுத்துவிடும், அதனால் சளியை முதலில் ரசாயனத்தில் கூடுதலாகச் சுத்திகரிக்க வேண்டும். இதற்கும் சீட்டில் சி.எஃப். என்று எழுதியிருக்க வேண்டும்.

அசித்ரோமைசின் நீண்டநாள் கொடுக்கத் தொடங்கும் முன்பும் என்.டி.எம். இல்லை என்று பார்த்துக்கொள்வது வழக்கம். அது உள்ளே இருக்கும்போது அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும், பிறகு முக்கியமான ஆயுதம் ஒன்று கையைவிட்டுப் போய்விடும்.

திருச்சி அம்மா, 18 ஜூலை 2024

தங்கச்சி, சிபிநாட் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இன்றே போங்கள்.

திருச்சி அம்மா, 6 அக்டோபர் 2024

கோவையிலிருந்து ஓர் அம்மா: பெண்ணுக்கு ஒன்பது வயது, சளியே துப்புவதில்லை, ஸ்வாப் எப்போதும் சுத்தம், ஆனால் மூச்சு ஊதும் டெஸ்டில் அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. ப்ராங்கோஸ்கோப்பி (நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யலாம் என்கிறார்கள், மயக்கம் கொடுக்கப் பயம்.

பயம் நியாயம்தான். எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகக் குழாய் விட்டுப் பார்ப்பதால் லாபமுண்டா என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு: ஸ்வாபை நம்பி நடத்தியவர்களுக்கும் குழாய் விட்டு நடத்தியவர்களுக்கும், சூடோமோனாஸிலும் ஸ்கேனில் தெரிந்த நுரையீரல் சேதத்திலும் வித்தியாசமில்லை. அதனால் பெரும்பாலான இடங்களில் இப்போது அதை வழக்கமாகச் செய்வதில்லை. உங்கள் நிலை வேறு. அளவு இறங்குகிறது, காரணம் தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அது.

ஆனால் அதற்கு முன் ஒரு படி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கெட்டி உப்புநீரை நெபுலைசரில் கொடுத்து, பிசியோதெரபிஸ்ட் தட்டிக்கொடுத்து, வரும் சளியை எடுப்பார்கள். துப்பத் தெரியாத பிள்ளைகளிடம் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். கார்டிஃப் டாக்டர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இருமல் ஸ்வாபில் கிடைக்காத கிருமிகள் பல இப்படி எடுத்த சளியில் கிடைத்தன. சின்னக் குழந்தைகளுக்கும் செய்ய முடிந்தது, மயக்கம் தேவையில்லை. உப்புநீர் சிலருக்கு மூச்சை இறுக்கும், அதனால் முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

வரும் சளியை இரண்டு டப்பாவில் கேளுங்கள். ஒன்று சாதாரண கல்ச்சருக்கு, இன்னொன்று என்.டி.எம்.முக்கு. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பது வயதில் அளவு இறங்கினால் அதுவும் காரணமாக இருக்கலாம், அதற்கு இரத்தத்தில் அலர்ஜியைக் காட்டும் ஐ.ஜி.இ. அளவும் எடுப்பார்கள். இதிலும் எதுவும் கிடைக்காமல் அளவு மேலும் இறங்கினால் ப்ராங்கோஸ்கோப்பிக்குச் சம்மதியுங்கள். போகும் முன் எனக்குப் போன் செய்யுங்கள், மகளுக்குச் செய்தபோது மயக்க டாக்டரிடம் கேட்ட கேள்விகளை எழுதிவைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.